போபால் விஷவாயு விபத்தை ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன், எங்கிருந்து தொடங்குவது?

நெல்லைமாணவி:
எம்பிஏ இரண்டாம் ஆண்டு. நிறுவனங்கள் ஆபத்தை எப்படிக் கையாள்கின்றன, தவறு நடந்தால் யார் பொறுப்பேற்கிறார்கள், இதுதான் தலைப்பு. இரண்டு வாரமாகப் படித்ததில் பாதி நேரம் வாயு கசிந்த அந்த யூனியன் கார்பைடு ஆலை டேங்குக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்ற சண்டையிலேயே கழிந்துவிட்டது. பைப் கழுவும்போது போனது என்று ஒரு பக்கம், யாரோ வேண்டுமென்றே விட்டது என்று கம்பெனி பக்கம். இதில் முடிவுக்கு வராமல் மேலே எழுத முடியுமா? ரிஸ்க் மேட்ரிக்ஸ் (ஆபத்து நடக்கும் வாய்ப்பையும் விளைவையும் கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணை) போட்டு முடித்துவிடு என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

பி_ஷிஃப்ட்:
கெமிக்கல் ஆலையில் 14 வருடமாக சேஃப்டி பார்க்கிறேன். தண்ணீர் எப்படிப் போனது என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் தங்கச்சி. யார் விட்டிருந்தாலும் அதைத் தாங்கத்தான் அத்தனை ஏற்பாடும் இருந்தது. 1984 டிசம்பர் 2 இரவு அவை எந்த நிலையில் இருந்தன என்று பாருங்கள். டேங்கில் இருந்த மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷ ரசாயனத்தைக் குளிராக வைக்க வேண்டிய ரெஃப்ரிஜிரேஷன் ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவைக் கழுவி நச்சை நீக்கும் ஸ்க்ரப்பர் ஸ்டாண்ட்பையில். வாயுவை எரித்துவிடும் ஃப்ளேர் டவருக்குப் போகும் பைப்பில் ஒரு துண்டு அரித்துப்போய்க் கழற்றிக் கிடந்தது. பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்துக்கு எட்டவில்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தியபோது யார் ஒப்புக்கொண்டார், எத்தனை நாளைக்கு என்று சொன்னார், திரும்ப ஓட்ட வேண்டியது யார்? உங்கள் ப்ராஜெக்டே இதுதான்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆபத்து என்றால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் ஒரு இண்டர்லாக்கை இரண்டு நாளைக்கு என்று பைபாஸ் செய்தார்கள், அதாவது வேலை செய்யாமல் துண்டித்து வைத்தார்கள், எட்டு மாதம் அப்படியே கிடந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு ஷிஃப்டும் அடுத்த ஷிஃப்டிடம் அதை இயல்பான விஷயமாகவே ஒப்படைத்தது, லாக் புக்கில் என் கையெழுத்தும் இருந்தது. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

சட்டம்_படித்தவன்:
பொறுப்பு என்கிற பாதியை விட்டுவிடாதீர்கள். தண்டனை வர 26 வருடம் ஆனது: 2010-ல் போபால் நீதிமன்றம் இந்திய அதிகாரிகள் 7 பேருக்கு 2 வருடச் சிறை விதித்தது, அதுவும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த 304ஏ பிரிவில். அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் தலைவர் ஆண்டர்சன் விசாரணைக்கு வரவே இல்லை, 2014-ல் அமெரிக்காவில் இறந்தார். ஆனால் நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டுவது 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் வந்த திருத்தத்தை. ஆலைக்கு ‘ஆக்குபையர்’ என்று ஒருவர் பொறுப்பாளியாக இருக்க வேண்டும், அதற்கு முன் கம்பெனிகள் ஒரு மேனேஜரின் பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. திருத்தத்துக்குப் பிறகு கம்பெனி என்றால் டைரக்டர்களில் ஒருவர்தான் ஆக்குபையர். கம்பெனிகள் வழக்குப் போட்டுப் பார்த்தன, 1996-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. செலவைக் குறைக்கச் சொல்லும் அறையில் இருப்பவர் பெயரே காகிதத்திலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

கோவை_வாசகர்:
ஒன்று சேர்க்கிறேன். அதே கம்பெனிக்கு மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரிலும் இதே ரசாயன ஆலை இருந்தது. டேங்கில் தண்ணீர் கலந்தால் கட்டுக்கடங்காத வினை நடக்கலாம் என்று 1984 செப்டம்பரிலேயே அங்கே ஒரு உள் அறிக்கை எச்சரித்தது. அது போபாலுக்கு அனுப்பப்படவில்லை. எச்சரிக்கை இல்லாமல் இல்லை, போய்ச் சேரத்தான் இல்லை. இந்த ஒரு காகிதத்தைப் பின்தொடர்ந்தாலே ஒரு அத்தியாயம் எழுதலாம். கைடு கேட்கிற மேட்ரிக்ஸையும் போடுங்கள், ஆனால் ஜூன் மாதத்துக்கு ஒன்று, டிசம்பருக்கு ஒன்று என்று இரண்டாகப் போடுங்கள்.

நெல்லைமாணவி:
மூவருக்கும் நன்றி. இரண்டு மேட்ரிக்ஸ் என்றால் கைடும் ஒத்துக்கொள்வார். அண்ணா, ஒப்பிட்டுப் பார்க்க இங்கே ஒரு ஆலைக்குப் போக அனுமதி கிடைக்கும்போல் இருக்கிறது, முதலில் என்ன கேட்பது?

பி_ஷிஃப்ட்:
எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டை எப்போது துண்டித்தார்கள், எப்போது திரும்பப் போட்டார்கள் என்று எழுதும் பைபாஸ் ரெஜிஸ்டரைக் கேளுங்கள். ஷிஃப்ட் இன்சார்ஜை வைத்துக்கொண்டே பாருங்கள், மேனேஜர் அறையில் வேண்டாம். திரும்பப் போட்ட தேதிக்கான கட்டம் எத்தனை வரிகளில் காலியாக இருக்கிறது என்று எண்ணுங்கள். ரெஜிஸ்டரே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.