கடை சிஸ்டம் விண்டோஸ் லோகோ வந்ததும் அணைந்துவிடுகிறது, அவசர உதவி தேவை

முகூர்த்த ஓலை:
வணக்கம். கடை சிஸ்டத்தை ஆன் செய்தால் விண்டோஸ் லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்ற ஆரம்பித்ததும் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. ஆவணி முகூர்த்தப் பத்திரிகை வேலை எல்லாம் அதில்தான் இருக்கிறது. மதர்போர்டு போய்விட்டதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

தெற்கு வாசல்:
நிற்கிறது என்றால் எப்படி? நீலத்திரை வருகிறதா, தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா, இல்லை ஃபேன் உட்பட எல்லாமே அணைகிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

காவிரிக்கரை:
ராம் மெமரிதான். கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தங்கநிறப் பற்களை நன்றாகத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். எங்கள் கடைக்கு வருவதில் பாதி இப்படியே சரியாகிவிடும்.

வோல்ட்மீட்டர்:
கேள்வி கேட்கும் முறையை இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. பிராசசர், போர்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி), வாங்கிய வருடம், கடைசியாக மாற்றிய பொருள். இவை இல்லாமல் பதில் சொல்வது ஊகம். தொழிலே அந்த இயந்திரத்தை நம்பி நடக்கும்போது இந்த அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மாடிவீடு:
அக்கா, அவர் சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அந்த விவரங்கள் தேவைதான். இன்னொன்று, விண்டோஸுக்குப் போகாமல், அதற்கு முன் வரும் பயாஸ் செட்டிங் திரையிலேயே கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் தப்பில்லை.

முகூர்த்த ஓலை:
ஐ3 3220, எச்61 போர்டு, 4 ஜிபி ராம் இரண்டு, எஸ்எஸ்டி ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று. கிராபிக்ஸ் கார்டு இல்லை. எஸ்.எம்.பி.எஸ் கேபினெட்டோடு வந்தது, கம்பெனி பெயர் தெரியவில்லை. எல்லாமே அணைகிறது, நீலத்திரை இல்லை. ராமைத் தேய்த்துப் போட்டேன், அப்படியேதான் இருக்கிறது. பயாஸில் விட்டேன், அங்கேயும் ஒருமுறை அணைந்தது.

தெற்கு வாசல்:
அப்படியானால் ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்ல நினைத்திருந்தேன், அது வேண்டாம். ஆன் ஆகும் நேரத்தில் ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் பதிவேடு) சிஸ்டம் பகுதியைப் பாருங்கள், கெர்னல் பவர் 41 இருக்கிறதா? இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்தான்.

வோல்ட்மீட்டர்:
தவறு. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று விண்டோஸ் அடுத்தமுறை எழும்போது எழுதிவைக்கும் குறிப்புதான் 41. கரண்ட் போனாலும் வரும், பிளக்கைப் பிடுங்கினாலும் வரும். அதை வைத்து எஸ்.எம்.பி.எஸ் என்று தீர்ப்பு எழுத முடியாது. பிராசசர் சூடாகிறதா என்று பார்த்தாரா? இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று எழும்பியிருந்தாலே இப்படி அணையும்.

காவிரிக்கரை:
ராமை மெதுவாகத் தேய்த்திருப்பார். பளபளக்கிற வரை தேய்க்க வேண்டும்.

மாடிவீடு:
அண்ணா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்தத் தங்கமுலாம் மிக மெல்லியது. ரப்பர் அதை அரித்துவிடும், ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும்.

காவிரிக்கரை:
கிராமத்துக் கடையில் ஆல்கஹாலுக்கு எங்கே போவது? ரப்பர் தேய்த்து ஒரு ராம்கூட என் கையில் கெட்டதில்லை.

மாடிவீடு:
கெட்டது உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஆறு மாதம் கழித்து வேறு கடைக்குப் போயிருப்பார்கள். அதோடு ராம் கோளாறு என்றால் டிஸ்ப்ளே வராது, பீப் வரும், நீலத்திரை வரும். இப்படிச் சட்டென்று மொத்தமாக அணைவது அபூர்வம்.

முகூர்த்த ஓலை:
பயாஸில் சூடு 41 டிகிரி காட்டுகிறது. அப்புறம் காலையில் மட்டும்தான் இப்படி. நாலைந்து தடவை போட்டுப் போட்டுப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும், பிறகு கடை சாத்தும் வரை நன்றாக ஓடுகிறது.

தெற்கு வாசல்:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

வோல்ட்மீட்டர்:
இப்போது விஷயம் மாறுகிறது. சூட்டுக் கோளாறாக இருந்தால் ஓட ஓட மோசமாகும். இது ஆறியிருக்கும்போது படுத்து, சூடானதும் எழுகிறது. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைச் சேமித்து வோல்டேஜைச் சீராக வைக்கும் சிறு உருளைகள், காய்ந்துவிட்டன. உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் வற்ற வற்ற அதன் உள்தடை ஏறும், குளிர்ந்த நிலையில் இன்னும் கூடுதலாக இருக்கும். பிராசசர் வேலையைத் தொடங்கி இழுவை ஏறியதும் வோல்டேஜ் தடுமாறுகிறது. உடனே சாம்பல்நிற ஒயரில் வரும் பவர் குட் சிக்னல் (வோல்டேஜ் சரி என்று போர்டுக்குச் சொல்வது) விழும், போர்டு நின்றுவிடும். திரும்பத் திரும்ப ஆன் செய்யும்போது கெப்பாசிட்டர் சூடாகிப் பிடித்துக்கொள்கிறது.

தெற்கு வாசல்:
நான் சொன்னதும் எஸ்.எம்.பி.எஸ்தானே?

வோல்ட்மீட்டர்:
விடை சரி, வழி தவறு. இன்னொருவருக்கு அதே வழியில் சொன்னால் காசு வீணாகும்.

காவிரிக்கரை:
மல்டிமீட்டர் இருந்தால் பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். மஞ்சளில் 12 வந்தால் நல்லது என்று அர்த்தம்.

மாடிவீடு:
லோடு இல்லாமல் அளந்தால் எதுவும் தெரியாது. போர்டில் மாட்டியபடியே, சும்மா இருக்கும் மோலெக்ஸ் (பழைய வகை டிஸ்க் கனெக்டர்) பின்னில், ஆன் ஆகும் நேரத்தில் அளக்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். அதுவும் ரிப்பிளை, அதாவது வோல்டேஜின் வேகமான ஏற்ற இறக்கத்தை, மல்டிமீட்டர் காட்டாது. தெரிந்த கடையில் நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒன்று இரவல் வாங்கி, ராத்திரியே மாட்டிவைத்துவிட்டுக் காலையில் முதல் தடவை ஆன் செய்து பாருங்கள் அக்கா. மாட்டும்போது பிராசசர் பக்கத்து 4 பின் கனெக்டரை மறந்துவிடாதீர்கள். அப்படியே போர்டில் கெப்பாசிட்டர் தலை எதுவும் உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்று சிஸ்டம் பிடித்துக்கொண்டதும் முதல் வேலையாகப் பத்திரிகை ஃபைல்களை பென்டிரைவில் எடுத்துவிடுங்கள்.

முகூர்த்த ஓலை:
பக்கத்துக் கடையில் வாங்கி மாட்டினேன். காலையில் முதல் தடவையே ஆன் ஆனது. புதிது வாங்கிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

காவிரிக்கரை:
மகிழ்ச்சி. பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தூக்கிப் போடாதீர்கள், கெப்பாசிட்டர் மாற்றினால் ஓடும்.

வோல்ட்மீட்டர்:
அவரைத் திறக்கச் சொல்லாதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே 325 வோல்ட் டிசியாகப் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் அடிக்கும். பழக்கம் இல்லாதவர்கள் மூடியில் கை வைக்கவே கூடாது.

மாடிவீடு:
அக்கா, போர்டில் கெப்பாசிட்டர் பார்த்தீர்களா?

நெல்வயல்:
எத்தனை வாட் வாங்கினீர்கள்? என்னிடமும் எச்61 போர்டுதான், காலையில் இதே தொல்லை.