ஆன்ஸர் ஃபைலில் கோட்டா கொடுத்தும் டிஎல்எல்கேஷ் வீங்குகிறது, அவசரம்

முருங்கைக்காய்: வணக்கம். அன்அட்டெண்டட் சிடி (கேள்விகளுக்கான பதில்களை முன்பே எழுதிய ஆன்ஸர் ஃபைலோடு தானாக ஓடுவது) வைத்து விண்டோஸ் இன்ஸ்டால் செய்கிறேன். பெயர், சீரியல் கீ, டைம்ஸோன் எல்லாம் தானாக வந்துவிடுகிறது. அந்த ஃபைலின் சிஸ்டம்ஃபைல்புரொடெக்ஷன் (சிஸ்டம் ஃபைல் பாதுகாப்பு) பகுதியில் கோட்டா, அதாவது இட வரம்பு, கொடுத்தும், சிஸ்டம் ஃபைல்களின் பிரதிகளை வைக்கும் டிஎல்எல்கேஷ் ஃபோல்டர் 350 எம்பியைத் தாண்டுகிறது. நாளைக்கு மெஷினைக் கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

பழையசோறு: எந்த விண்டோஸ் தம்பி? 2000-ஆ, எக்ஸ்பியா? சர்வீஸ் பேக் எது? டிஸ்க் எவ்வளவு? ஜோசியம் பார்த்தா சொல்ல முடியும்?

மின்னல்_88: ஆன்ஸர் ஃபைலின் பெயர் வின்என்டி.சிஃப் என்று இருக்க வேண்டும், சிடியில் இன்ஸ்டால் ஃபைல்கள் உள்ள ஐ386 ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். அன்அட்டெண்ட்.டிஎக்ஸ்டி என்று வைத்தால் சிடி பூட்டில் எடுக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான்.

பழையசோறு: கீ தானாக வருகிறது என்கிறாரே. ஃபைலைப் படிக்காமலா வரும்?

கர்னல்ராஜா: 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்துபோன சிஸ்டமாகத்தான் இருக்கும். இதையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது மரியாதை. லினக்ஸ் போட்டால் இந்தக் கேள்வியே வராது.

முருங்கைக்காய்: எக்ஸ்பி எஸ்பி3. டிஸ்க்காக 2 ஜிபி சிஎஃப் கார்டு (மெமரி கார்டு), ஒரே பார்ட்டிஷன். லேத் கன்ட்ரோலர் சார், அந்த சாஃப்ட்வேர் வேறு எதிலும் ஓடாது.

மின்னல்_88: அப்போ கேஷ் டைரக்டரியை வேறு டிரைவுக்கு மாற்றவும் முடியாது. பேசாமல் பாதுகாப்பையே அணைத்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) வின்லாகான் கீ என்ற பிரிவின் கீழ் எஸ்எஃப்சிடிஸேபிள் என்பதற்கு 9டி என்று முடியும் மதிப்பு கொடுங்கள்.

பழையசோறு: அது விண்டோஸ் 2000 எஸ்பி2 வரும்வரை நடந்தது. எக்ஸ்பியில் இந்தப் பாதுகாப்பை நடத்தும் எஸ்எஃப்சி_ஓஎஸ் டிஎல்எல்லையே (டிஎல்எல் என்பது புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோட் ஃபைல்) பேட்ச் செய்து திருத்தாமல் அந்த மதிப்பை மதிக்காது. அதே இடத்தில் கொடுக்கும் 1-ம் 2-ம் கர்னல் டீபக்கர் (விண்டோஸின் உள்கருவைச் சோதிக்கும் கருவி) மாட்டியிருந்தால்தான் வேலை செய்யும். 4 கொடுத்தால் பாதுகாப்பு இருக்கும், பாப்அப் மட்டும் வராது. லேத்துக்கு அது வேண்டுமானால் உதவும்.

கர்னல்ராஜா: வைரஸ் வந்து சிஸ்டம் ஃபைலை மாற்றினால் தெரியும், அணைக்கச் சொல்கிறவர்களின் லட்சணம்.

மின்னல்_88: வைரஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஏதோ ஒரு சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலர் தன் பழைய டிஎல்எல்லைச் சிஸ்டம்32 ஃபோல்டரில் எழுதிவிட்டுப் போகாமல் இருக்கத்தான் இதை வைத்தார்கள். அட்மின் உரிமையோடு ஓடும் வைரஸ் கேஷில் இருப்பதையும் சேர்த்து மாற்றிவிடும்.

கர்னல்ராஜா: ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் இல்லையா?

மின்னல்_88: பூட்டு என்று நினைத்துக் கதவைத் திறந்து வைக்கிறவருக்கு மேல் இல்லை.

ஈரோட்டுத்தறி: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். முருங்கைக்காய், அந்தப் பகுதியில் நீங்கள் எழுதியதை அப்படியே இங்கே போடுங்கள்.

முருங்கைக்காய்: எஸ்எஃப்சிகோட்டா=200, எஸ்எஃப்சிஷோபுரோகிரஸ்=0. அவ்வளவுதான்.

ஈரோட்டுத்தறி: அதானே. அந்த எண் ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) எடுத்துக்கொள்ளப்படும். நீங்கள் எழுதிய 200 என்பது 512 எம்பி. பாதுகாக்கப்பட்ட ஃபைல்கள் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும், அதனால் மொத்தத்தையும் கேஷில் கொட்டுகிறது. 200 எம்பி வேண்டுமானால் சி8 என்று எழுதுங்கள். 64 எம்பி போதுமென்றால் 40. ஏற்கெனவே போட்டு முடித்த கார்டுகளில் வின்லாகான் கீயிலேயே கோட்டாவை மாற்றி ரீஸ்டார்ட் செய்து, கேஷைக் காலி செய்யும் எஸ்எஃப்சி பர்ஜ்கேஷ் கட்டளையை ஓட்டலாம்.

பழையசோறு: ஒன்று கவனம். கேஷைச் சுருக்கினால், அதில் இல்லாத ஃபைல் ஏதாவது கெட்டுப்போகும்போது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். அந்த மெஷினில் சிடி டிரைவ் உண்டா? இல்லையென்றால் ஐ386-ஐ ஒரு பென்டிரைவில் போட்டு ஆபரேட்டரிடமே கொடுத்துவிடுங்கள்.

முருங்கைக்காய்: சி8 போட்டேன், 200-க்குள் நிற்கிறது. நன்றி அண்ணா.

கர்னல்ராஜா: பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

வெண்பூசணி: இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். விண்டோஸ் 7-க்கு இதே வரிகளை எக்ஸ்எம்எல் ஆன்ஸர் ஃபைலில் எங்கே எழுதுவது?

ஈரோட்டுத்தறி: எழுத இடமே இல்லை. விஸ்டாவிலிருந்து டிஎல்எல்கேஷ் கிடையாது, கோட்டாவும் கிடையாது. ஃபைல்கள் டிரஸ்டெட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸ் சர்வீஸின் கையில், பிரதிகள் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில். உங்கள் டிஸ்க் அளவைச் சொல்லித் தனி இழை தொடங்குங்கள்.