புதுப்பிப்பு: அம்மாவின் மாத்திரைகளும் தலைசுற்றலும்

அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, மூட்டுவலி எல்லாம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி மருத்துவர், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். எல்லா மாத்திரைகளையும் ஒரே பொதுநல மருத்துவரிடம் காட்டச் சொன்னீர்கள். காட்டினோம்.

அவர் முதலில் நிறுத்தியது மூட்டுவலிக்கான ஐபுப்ரோஃபென். ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரிலும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்கள் கூடவே இந்த வகை வலி மாத்திரையையும் எடுத்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். ஒவ்வொரு சீட்டும் தனியாகப் பார்த்தால் சரிதான். மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நல்லவேளை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவு ஏறவில்லை. வலிக்கு இப்போது பாராசிட்டமால்.

அப்புறம் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். அம்மாவுக்கு அதைவிட அதிகம். நீர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். தலைசுற்றல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

தைராய்டு மாத்திரையோடு கால்சியமும் சேர்த்து அம்மா போட்டுவந்தார். கால்சியம் அந்த மருந்தை உடலில் சரியாகச் சேரவிடாது. இப்போது 4 மணி நேர இடைவெளி.

உங்கள் வீட்டிலும் எனாலாப்ரில், நீர் மாத்திரை, ஐபுப்ரோஃபென் மூன்றும் சேர்ந்திருந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் உடனே கேளுங்கள். எங்களுக்கு அடுத்தது, சர்க்கரை இருப்பதால் விழித்திரைப் பரிசோதனை. அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன்.