லோ சுகருக்கு எத்தனை மிட்டாய்? பாக்கெட் விவரம் தேவை

ரத்தச் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழே இறங்கினால் உடனே 15 கிராம் சர்க்கரை சாப்பிட வேண்டும்; 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்தி அளந்து பார்க்க வேண்டும். அந்த 15 கிராமுக்கு எத்தனை மிட்டாய் என்று ஒரு பட்டியல் தயாரிக்கிறோம், உதவுங்கள். ஆரஞ்சு மிட்டாய், புளிப்பு மிட்டாய் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். சில்லறையில் வாங்கியதென்றால் பத்து மிட்டாயைப் பிரித்து எடை போட்டுச் சொன்னால் போதும்.

சாக்லேட், கடலை மிட்டாய் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். சுகர்ஃப்ரீயும் உதவாது.

சர்க்கரை நோய்க்கு வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களை நினைத்துத்தான் கவலை. அவை சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுக்கும். மிட்டாய் தின்றாலும் சட்டென்று ஏறாது. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். லேபிளில் முதல் பொருளாக டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) என்று போட்ட மிட்டாய் எங்கே கிடைக்கிறது?