தெற்குத் தீவின் கிழக்குக் கரையில் மோட்டார்ஹோம்: வழியில் சந்தித்தவர்களும் சந்தித்தவைகளும்

வெலிங்டனிலிருந்து

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நியூசிலாந்தின் தெற்குத் தீவைக் கடலோரமாகவே, படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டியான மோட்டார்ஹோமில் சுற்றலாமா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். நாங்கள் போய் வந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அப்பா. பிக்டனில் தொடங்கி கைக்கோரா, ஓமரு, டனீடன், அதற்கும் தெற்கே கேட்லின்ஸ் வரை. இடங்களின் அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். யார் யாரைப் பார்த்தோம், என்னென்ன எதிர்ப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

வண்டியைப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஷூட்டிங்ல நடிகருங்க உக்காந்திருப்பாங்களே, அந்த கேரவனா?" ஏறக்குறைய அதேதான், ஆனால் நாமே ஓட்டி, நாமே பாத்திரம் கழுவி, கழிப்பறைத் தொட்டியையும் நாமே காலி செய்ய வேண்டும் என்றேன். அதோடு கேள்விகள் நின்றன.

வடக்குத் தீவிலுள்ள வெலிங்டனிலிருந்து பிக்டனுக்கு, குக் நீரிணையைக் கடக்கும் கப்பலில் வண்டியின் நீளத்துக்கு ஏற்பக் கட்டணம். விடுமுறைக் காலத்தில் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். ஏறும் முன் சமையல் எரிவாயு உருளையை மூடிவிட வேண்டும். பயணம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். அப்பா அவ்வளவு நேரமும் மேல்தளத்தில்தான் நின்றார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கப்பலுக்குள்ளே உட்கார வைக்க முடியாது. அங்கே அவரிடம் தமிழ் மணியைப் பற்றிச் சொன்னேன். பழைய தமிழ் எழுத்து பொறித்த ஒரு கப்பல் மணியின் துண்டு, 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் கண்ணில் பட்டது. அப்போது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதைச் சமையல் பாத்திரமாக வைத்திருந்தார்களாம். இப்போது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. அது எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை. அப்பா கடலைப் பார்த்துக்கொண்டே, "நம்மாளு எங்கதான் போகல" என்றார்.

பிக்டனிலிருந்து தெற்கே இறங்கும் முதலாம் எண் நெடுஞ்சாலை, கைக்கோராவுக்கு முன்னால் கடலை ஒட்டிக்கொண்டே போகிறது. 2016 நவம்பர் 14 அன்று 7.8 அளவில் வந்த நிலநடுக்கத்தில் மலை சரிந்து இந்தச் சாலையும் ரயில் பாதையும் புதைந்தன. 2017 டிசம்பரில்தான் சாலையை மறுபடி திறந்தார்கள். சில இடங்களில் கடலின் அடித்தரையே மேலே வந்துவிட்டது. முன்பு நீருக்குள் இருந்த பாறைகள் இன்று வெளியே தெரிகின்றன. ஓஹாவ் முனையில் அந்தப் பாறைகள் முழுக்க சீல் என்னும் கடல்நாய்கள். சாலையோரம் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தால் குட்டிகள் தேங்கிய நீரில் புரண்டு விளையாடுகின்றன. அவற்றிலிருந்து இருபது மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது இங்கே விதி போல. என் சின்னவன் அதை அடிகளால் அளந்து பார்த்துவிட்டுத்தான் நின்றான்.

எங்கள் பயணத்தையே மாற்றிய சந்திப்பு அன்று மாலை நடந்தது. வண்டிகளை நிறுத்தி இரவு தங்கும் முகாமில் பக்கத்து இடத்தில் ஒரு வயதான தம்பதி. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மோட்டார்ஹோமிலேயே வாழ்கிறவர்கள். தேநீருக்குக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய குளிர்பதனப் பெட்டியின் கதவில் குடும்பப் படம் இருக்க வேண்டிய இடத்தில் கடல் ஏறும், வற்றும் நேரங்களின் அட்டவணை ஒட்டியிருந்தது. எங்கள் திட்டத்தைக் காட்டினேன். ஊர், ஊருக்கு இடையே கிலோமீட்டர், சேரும் நேரம். அந்த அம்மா பார்த்துவிட்டு, "இதில் கடலே இல்லையே" என்றார்.

உண்மைதான். மொயராக்கி உருண்டைப் பாறைகளைக் கடல் வற்றும்போதுதான் நன்றாகப் பார்க்க முடியும். கேட்லின்ஸில் உள்ள கதீட்ரல் குகைகளுக்குள் நடக்க, வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரைதான் வாய்ப்பு. க்யூரியோ விரிகுடாவின் கல்லாய்ப் போன காடும் அப்படியே. அந்த வற்றும் நேரமோ நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். பென்குவின்கள் அந்தியில்தான் கரையேறும். இதையெல்லாம் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தை வைத்துத் திட்டம் போட்டால் வெறும் அலையைத்தான் பார்க்கலாம். அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். "ஏத்தம் வத்தம் பாக்காம கடலுக்குப் போறவன் உண்டா?" அன்றிலிருந்து வண்டி கிளம்பும் நேரத்தை அவர்தான் முடிவு செய்தார். மோட்டார்ஹோமுக்கும் காருக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் எனக்கு அங்கேதான் புரிந்தது. கடல் வற்றக் காலை ஆறு மணி ஆகும் என்றால், அருகிலுள்ள முகாமில் தூங்கி எழுந்து ஐந்தரைக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டுமா, அடுப்பைப் பற்ற வைத்து உப்புமா கிண்டலாம்.

மொயராக்கியில் அப்படித்தான் விடியலில் இறங்கினோம். சில உருண்டைகள் இரண்டு மீட்டர் வரை குறுக்களவு. கடலடிச் சேற்றில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு துணுக்கைச் சுற்றித் தாதுக்கள் படிந்து படிந்து வளர்ந்தவை. கரை அரிக்க அரிக்க மண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஏழு மணிக்குப் பேருந்துக் கூட்டம் வரும்போது நாங்கள் கிளம்பிவிட்டோம்.

ஓமருவில் சின்ன நீலப் பென்குவின்கள். முப்பது சென்டிமீட்டர் சொச்சம் உயரம், எடை ஒரு கிலோ அளவுக்கு. இருட்டுகிற நேரத்தில் கூட்டம் கூட்டமாகக் கரையேறி, தள்ளாடித் தள்ளாடிச் சரிவில் ஏறிக் கூட்டுக்குப் போகின்றன. பார்வையாளர் வரிசையில் படம் எடுக்க அனுமதி இல்லை. அது நல்லதுதான், எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். வெளியே வந்து வண்டியை எடுக்கப் போனால் டார்ச்சோடு ஒரு பெண் ஒவ்வொரு வண்டிக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு இரண்டு வண்டி தள்ளி, சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று நின்றுகொண்டிருந்தது! அது தானாக நகரும்வரை அந்த வரிசையில் ஒருவரும் இயந்திரத்தை முடுக்கவில்லை. யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. கடலோரம் இரவில் நிறுத்தினால் புறப்படும் முன் அடியில் பாருங்கள்.

கேட்லின்ஸில் சூரத் விரிகுடா என்று ஒரு கடற்கரை. நம் சூரத் நகரின் பெயர் தாங்கி வந்த ஒரு கப்பல், 1874 புத்தாண்டு நாளில் கரை தட்டிய இடம். மரக்கட்டை என்று நினைத்துக் கடந்து போகப் பார்த்தோம். கட்டை தலையைத் தூக்கி மணலை முதுகில் வாரிப் போட்டுக்கொண்டது. ஆண் கடற்சிங்கம். எங்களைப் பார்த்துச் சில அடி வேகமாக வந்தது, நின்றது, கொட்டாவி விட்டது. ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும் என்று முன்பே படித்திருந்தோம். அப்பா மட்டும் பின்வாங்கியபடியே அதனிடம் "சரிப்பா, சரிப்பா, போயிட்டோம்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சாலை பற்றி ஒரு வரி. கேட்லின்ஸின் பிரதான சாலை தார்ச்சாலை, கிளைச் சாலைகளில் பல சரளை. வாடகை ஒப்பந்தத்தில் சரளைச் சாலைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

டனீடனிலிருந்து

அண்ணா, அப்பாவை மறுபடி அழைத்து வாருங்கள், எங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் வரட்டும்.

நாங்கள் குழந்தைகளோடு போனதில் பெரிய சவால் கடல் இல்லை, வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிறது. பென்குவினைப் பார்த்துவிட்டு முகாம் திரும்பப் பதினொன்று. பிள்ளைகள் தூங்கவே மாட்டேன் என்கிறார்கள். ஜன்னல் திரை முழுசாக மூடுகிறதா என்று வண்டி எடுக்கும்போதே பாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு திரை பாதியில் மாட்டிக்கொண்டது, வாடகைக்குக் கொடுத்தவர்கள் சிரித்துக்கொண்டே துண்டு கட்டச் சொன்னார்கள்.

டிசம்பர் 25 அன்று பெரிய கடைகள் எல்லாம் சட்டப்படி மூடியிருக்கும். எரிபொருள் நிலையங்கள் சில திறந்திருக்கும், அவ்வளவுதான். காய்கறி, பால், தயிர் முந்தைய நாளே.

என் சந்திப்பு கழிவுநீர் கொட்டும் நிலையத்தில் நடந்தது, சிரிக்காதீர்கள். கணவர் முதல் முறை கழிப்பறைப் பெட்டியை இழுத்துக்கொண்டு எந்தப் பக்கம் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நீண்ட வரிசை. ஒரு லாரி ஓட்டுநர் மாதிரி இருந்த பெரியவர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றி இவரிடம் கொடுத்தார். காற்று எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார், அந்தப் பக்கம் நிற்காதே என்றார், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வைபாப்பா முனைக்கும் போய்விட்டு வாருங்கள். 1881 ஏப்ரலில் தராருவா என்ற நீராவிக் கப்பல் அங்கே பாறைத் திட்டில் மோதி 131 பேர் இறந்தார்கள். கலங்கரை விளக்கம் அதற்குப் பிறகுதான், 1884இல் வந்தது. அருகில் இறந்தவர்கள் சிலரைப் புதைத்த சிறிய இடமும் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் தாமாகவே சத்தம் போடாமல் நடந்தார்கள்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து

எல்லோரும் புகழ்கிறீர்கள், ஒரு மாற்றுக் கருத்து. டிசம்பர் 26இலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை மோட்டார்ஹோம் எடுக்காதீர்கள் என்பேன். நாடே விடுமுறையில் இருக்கிறது. நல்ல முகாம்கள் நிரம்பி வழிகின்றன. எங்காவது கடலோரம் இலவசமாக நிறுத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 2023இல் வந்த சட்டத்தின்படி தண்ணீரும் கழிவும் தனக்குள்ளேயே அடங்கும் தற்சார்பு வண்டி என்று சான்று பெற வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை வேண்டும். சான்று இருந்தாலும் ஒவ்வொரு மாவட்ட மன்றமும் எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று தனி விதி வைத்திருக்கிறது. மீறினால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர்.

அப்புறம் ஓட்டுவது. சாதாரணக் கார் உரிமத்தில் ஆறு டன் வரை ஓட்டலாம் என்பது சரிதான். ஆனால் மூன்றரை டன்னுக்கு மேல் போனால் வேக வரம்பு 90. பின்னால் பத்து கார்கள் சேர்ந்துவிடும். ஒதுங்கி வழிவிடும் இடம் வந்தால் தயவுசெய்து ஒதுங்குங்கள். நம்மவர்கள் சிலர் ஒதுங்காமல் போவதைப் பார்த்து எனக்கே சங்கடமாக இருந்திருக்கிறது. பக்கவாட்டுக் காற்றும் சும்மா விடாது. ஸ்லோப் முனையில் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பாருங்கள், அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும்.

நான் காரில் போய், முகாம்களில் உள்ள சின்ன அறைகளில் தங்கினேன். கதவைப் பூட்டினேன், தூங்கினேன். சந்திப்பா? ஒரு சந்திப்பும் இல்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை.

கிரேமவுத்திலிருந்து

கிழக்குக் கரையைப் பற்றியே பேசுகிறீர்களே, மேற்குக் கரைக்காரன் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

புனகைக்கியில் கணக்கு தலைகீழ். கடல் ஏறியிருக்கும்போது போக வேண்டும். அப்போதுதான் அப்பம் அடுக்கியது போன்ற சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே உள்ள துளைகளில் தண்ணீர் பீறிட்டு எழும். மேற்கிலிருந்து அலை பெரிதாக வரும் நாள் என்றால் இன்னும் நல்லது. கடல் வற்றிய நேரத்தில் வந்து "ஒன்றுமில்லையே" என்று திரும்புகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

இங்கே நீங்கள் சந்திக்கப் போவது வெக்கா. பறக்கத் தெரியாத பழுப்பு நிறப் பறவை, கோழி அளவு, திருட்டில் கில்லாடி. மோட்டார்ஹோம் கதவைத் திறந்துவைத்து என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். படியேறி உள்ளே வந்தது. அவள் கத்தினாள், அது அசையவில்லை. நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு என் மகளின் ஒரு காலுறையைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போனது. ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தது, இன்னொன்றுக்கு. சாப்பாடு கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்து வருகிறவர்களின் பாடு திண்டாட்டம்.

கடிக்கும் மணல் ஈக்களுக்கு நீளக்கை சட்டைதான் மருந்து. அந்தி நேரத்தில் கதவை மூடிவிட்டு அப்புறம் விளக்கைப் போடுங்கள்.

வெலிங்டனிலிருந்து, மறுபடியும்

தங்கச்சி, அப்பாவிடம் சொல்லிவிட்டேன், உங்கள் ஊர்க் கடல் அட்டவணையை இப்போதே அனுப்பச் சொல்கிறார்.

கிறைஸ்ட்சர்ச் நண்பர் சொல்வதில் நெரிசல் உண்மை. நாங்கள் கப்பலையும் முதல் மூன்று இரவுகளுக்கான முகாமையும் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையிலேயே பதிந்துவிட்டோம். மீதியை இயற்கைப் பாதுகாப்புத் துறையின் எளிய முகாம்களில் ஓட்டினோம். அவற்றில் பலவற்றில் மின்சாரம் கிடையாது, குளியலறை கிடையாது. கூட்டமும் குறைவு. முதியவர்கள் இருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது வெந்நீர் கிடைக்கும் முகாமுக்கு வந்துவிடுங்கள். ஒதுங்கி வழிவிடும் விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். ஒற்றைத் தடப் பாலங்களில், பலகையில் நம் திசையைக் காட்டும் அம்பு சிவப்பாக இருந்தால் நாம்தான் நிற்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடல் நேரங்களை எங்கே பார்ப்பது என்று தனியே கேட்டவர்களுக்கு: இந்நாட்டு நில அளவைத் துறை ஆண்டு முழுமைக்குமான அட்டவணையைத் துறைமுகம் வாரியாக வெளியிடுகிறது, இலவசம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள்; அட்டவணையில் அந்தக் கோடைக்கால நேரம் சேர்த்திருக்கிறதா என்று மேலே பாருங்கள். சேர்க்காத அட்டவணை என்றால் டிசம்பரில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.