சரக்கு தொட்டதே இல்ல, ஆனா ஃபேட்டி லிவர். டீயில போடற சக்கரையும் காரணமா?

கட்டிங்_டேபிள் கேட்டது:

வணக்கங்க, வயசு 38, திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருக்கேன். போன வாரம் வயித்து வலின்னு ஸ்கேன் எடுத்தா ஃபேட்டி லிவர், அதாவது ஈரல்ல கொழுப்பு, கிரேடு 1-ன்னு வந்துருக்கு, ரத்தத்துல இருக்கற ட்ரைகிளிசரைட்ங்கற கொழுப்பு 260. ஒரு சொட்டு சரக்கு தொட்டதில்லீங்க நான், அதனால கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுருச்சு. டாக்டர் ரெண்டே நிமிசத்துல இனிப்பைக் குறைங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஸ்வீட்டெல்லாம் தீபாவளிக்குத்தான் சாப்பிடுவேன். ஆனா டீ குடிப்பேன், ஷிப்மெண்ட் டைம்ல ஆறு ஏழு ஆயிரும், சாயங்காலம் பேக்கரியில ஒரு தேங்கா பன், வெயில் காலம்னா ஒரு கூல்டிரிங்ஸ். டீயில போடற சக்கரையெல்லாம் கணக்குல வருமா? சுகர் டெஸ்ட் நார்மல்தான், அப்புறம் என்னன்னு கூட வேலை செய்யறவங்க சொல்றாங்க. வீட்ல நாட்டுச்சக்கரைக்கு மாறிக்கலாம்ங்கறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ராத்திரி தூக்கமே வரல.

லேப்_ஈரோடு:

பயப்படாதீங்கண்ணா, கிரேடு 1 சரி பண்ணக்கூடியதுதான். நான் லேப்ல இருக்கேன், உங்கள மாதிரி குடிக்காதவங்க ரிப்போர்ட் தினமும் கையில வருது. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு டீஸ்பூன் சக்கரை தட்டையா எடுத்தா 4 கிராம், டீக்கு ரெண்டு ஸ்பூன்னு வச்சா ஆறு டீக்கே 48 கிராம் ஆச்சு, கடையில குவிச்சுத்தான் போடுவாங்க அத விட்ருங்க. கோலா 250 மில்லி குடிச்சா இன்னொரு 26 கிராம் போல. உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது, 2000 கலோரி சாப்பிடற ஆளுக்கு அதிகபட்சம் 50 கிராம், 25-க்குள்ள இருந்தா இன்னும் நல்லது. பன்னை சேக்காமலே நீங்க தாண்டிட்டீங்க.

சக்கரையில பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ உடம்பு முழுக்க எடுத்துக்கும், ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் நேரா ஈரலுக்குத்தான் போகுது, அங்க தேவைக்கு மிஞ்சினத ஈரல் கொழுப்பா மாத்திருது, அதுல கொஞ்சம் அங்கயே தங்குது, மீதி ட்ரைகிளிசரைடா ரத்தத்துல வருது. சுகர் நார்மல்னு விட்டுறாதீங்க, ஃபேட்டி லிவர் முன்னாடி வந்து சுகர் பின்னாடி வர்றது நிறைய பேருக்கு நடக்குது. சக்கரை மட்டும்தான் காரணம்னும் சொல்ல மாட்டேன், தொப்பை, தட்டு நிறைய சோறு, நடக்காம இருக்கறது எல்லாம் சேந்துதான். எடையில 7-லருந்து 10 சதவீதம் குறைச்சா ஈரல் நல்லாவே தேறும்.

கரும்புக்காடு:

நாட்டுச்சக்கரை பத்தி நான் சொல்றேன். எங்களுக்கு கவுந்தப்பாடி பக்கம், எங்க ஐயன் காலத்துலருந்து ஆலை ஓட்டுனவங்க, பழனி பஞ்சாமிர்தத்துக்கு எங்க பக்கத்துலருந்துதான் சக்கரை போகுது, அதுல எனக்குப் பெருமைதான். ஆனா உடம்பு விசயத்துல பொய் சொல்ல மனசு வரல. கரும்புச்சாறக் காய்ச்சி எடுக்கறதுதானே, இரும்புச்சத்து அது இதுன்னு கொஞ்சம் இருக்கும், மத்தபடி முக்கால்வாசிக்கு மேல அதே சக்கரைதான். கருப்பட்டி, தேன் எல்லாத்துக்கும் இதேதான். உடம்புக்கு நல்லதுன்னு ரெண்டு ஸ்பூன் போடற எடத்துல மூணு போட்டு எங்க சொந்தத்துலயே சுகர் ஏத்திக்கிட்டவங்க இருக்காங்க. வாசத்துக்காகப் போடுங்க, மருந்துன்னு போடாதீங்க.

பல்_கிளினிக்:

பல்லையும் பாத்துக்கோங்க சார். எவ்வளவு சக்கரைங்கறத விட எத்தன தடவைங்கறது பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில இருக்கற பாக்டீரியா அத ஆசிட் ஆக்கிருது, எச்சில் அத சரி பண்ண அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள அடுத்த டீ வந்துருது. குடிச்சதும் தண்ணி விட்டு வாய் கொப்பளிங்க.

கட்டிங்_டேபிள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இப்படி யாரும் உக்காரவச்சு சொல்லல. ஒரு சங்கடம், கடையில வித்தவுட்னு சொன்னா சுத்தி நிக்கறவங்க எல்லாம் சுகர் வந்துருச்சான்னு கேக்கறாங்க, பதில் சொல்லவே கூச்சமா இருக்கு. இன்னொன்னு, சின்னவளுக்கு ஒன்றரை வயசு, அவளுக்கும் பால்ல மால்ட் பவுடர் கலந்துதான் குடுக்கறோம், அதையும் நிறுத்தணுமா?

லேப்_ஈரோடு:

நிறுத்திருங்கண்ணா, வெறும் பாலே போதும். டப்பா பின்னாடி பாருங்க, எது அதிகமோ அதத்தான் முதல்ல எழுதணும்னு சட்டம், நிறைய டப்பாவுல சக்கரை ரெண்டாவது மூணாவது எடத்துலயே நிக்கும், லிக்விட் குளுக்கோஸ்னு வேற பேர்லயும் வரும். இதையெல்லாம் ஹெல்த் டிரிங்க்னு போட்டு விக்கக்கூடாதுன்னு 2024-ல மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்கு சொல்லிருச்சு. இங்கிலாந்துல 1953 வரைக்கும் சக்கரைக்கு ரேஷன் இருந்துச்சு, அம்மா வயித்துலருந்து ரெண்டு வயசு வரைக்கும் ரேஷன்ல வளந்தவங்களுக்கு பிற்காலத்துல சுகர் வர்ற வாய்ப்பு 35 சதவீதம் போல கம்மின்னு 2024-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. பாப்பாவுக்கு இன்னும் அந்த வயசு தாண்டல.

டீய ஒரேயடியா மாத்த வேண்டாம். இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒண்ணு, அப்புறம் அரை, நாக்கு பழகிரும். டீ மாஸ்டர்கிட்ட காலையிலயே தனியா சொல்லி வைங்க, உங்க கிளாஸ அவரே பாத்துக்குவாரு. கூல்டிரிங்ஸ இன்னைக்கே விடுங்க. மூணு மாசம் கழிச்சு ட்ரைகிளிசரைட் பாத்துட்டு இங்க வந்து நம்பரப் போடுங்கண்ணா, காத்துட்டிருப்பேன்.