கோப்பும் அடைவும் ஒரே பெயரில் மோதும்போது சோதனை எதைச் சரிபார்க்க வேண்டும்?

கிளைவழி எழுதியது:

கிட் (கோப்புகளின் பதிப்பு வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) களஞ்சியங்களைப் படித்து எழுதும் ஒரு சிறிய கருவியை நாங்கள் நால்வர் பராமரித்து வருகிறோம். அதன் மெர்ஜ் பகுதியை, அதாவது இரண்டு கிளைகளின் மாற்றங்களை ஒன்றிணைக்கும் பகுதியை, இப்போது முதலிலிருந்து திருப்பி எழுதுகிறோம். கோப்பும் அடைவும் ஒரே பெயருக்குப் போட்டியிடும் முரண்களை எப்படிச் சோதிப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து ஏற்படாததால் இங்கே கேட்கிறேன்.

இரண்டு கிளைகளும் பிரிந்த இடமான பொது மூதாதைக் கமிட்டில் (கமிட் என்பது பதிந்து வைத்த ஒரு நிலை) ‘தொகுப்பு’ என்றொரு கோப்பு இருக்கிறது. ஒரு கிளையில் ஒருவர் அதன் மூன்று வரிகளைத் திருத்துகிறார். மற்றொரு கிளையில் வேறொருவர் அந்தக் கோப்பையே நீக்கிவிட்டு, அதே பெயரில் ஓர் அடைவை உருவாக்கி, அதனுள் ‘தொகுப்பு/பட்டியல்’ என்ற கோப்பை வைக்கிறார். இரண்டும் ஒரே இடத்தில் நிற்க இயலாது. முதல் கிளையில் நின்றுகொண்டு மெர்ஜ் செய்தால், கிட் அடைவை அதன் இடத்தில் விட்டுவிட்டு, திருத்தப்பட்ட கோப்பை ‘தொகுப்பு~ஹெட்’ என்று ஒதுக்கி வைக்கிறது (ஹெட் என்பது நாம் நிற்கும் கிளை). எங்கள் பழைய சோதனைகள் இந்தப் பெயரையும், திரையில் வரும் செய்தியையும், இண்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்கான கோப்புகளின் பட்டியலில்) உள்ள வரிகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றன. செய்தியில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட நாற்பது சோதனைகள் தோற்றுச் சிவப்பாகின்றன.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எவருடைய எழுத்தாவது காணாமற்போனதா, முரண் இருக்கும்போதே கருவி வெற்றி என்று பொருள்படும் பூஜ்ஜியத்தைத் தந்து வெளியேறியதா என்ற இரண்டை மட்டும் சோதனை கேட்டால் போதும். மற்றவை உள்வேலை.

பழையகமிட் எழுதியது:

அந்த இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை தந்துவிட்டுப் பயனரை நட்டாற்றில் விடும் கருவியை நான் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவேன். முரண் வந்ததும் எல்லாக் கோப்புகளையும் எண்ணிட்டு ஒரு மூலையில் கொட்டிவிட்டு 1 என்று சொல்லி வெளியேறினால் உங்கள் சோதனை பச்சையாகிவிடும்.

ஒதுக்கப்பட்ட கோப்பின் பெயர் உள்வேலை அன்று. முரணைத் தீர்க்க உட்காரும் மனிதர் முதலில் தேடுவது அதைத்தான். அந்தப் பெயரை உருவாக்குவதிலும் விதிகள் இருக்கின்றன. கிளையின் பெயர் ‘வசதி/தேடல்’ என்று இருந்தால் கிட் அதிலுள்ள சாய்கோட்டை அடிக்கோடாக மாற்றி ‘தொகுப்பு~வசதி_தேடல்’ என்று எழுதுகிறது. அப்பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் இறுதியில் ‘_0’ என்று ஒட்டுகிறது. சாய்கோட்டை மாற்ற மறந்த கருவி என்ன செய்யும்? ‘தொகுப்பு~வசதி’ என்று புதிதாக ஓர் அடைவை உருவாக்கி, அதற்குள் ‘தேடல்’ என்ற கோப்பாக உங்கள் திருத்தத்தை வைக்கும். எழுத்து எதுவும் தொலையவில்லை, வெளியேறும் எண்ணும் சரி. ஆனால், அடைவு மோதலைத் தீர்க்க வந்த கருவி தானே ஒரு புதிய அடைவை உருவாக்கிவிட்டுப் போயிருக்கிறது. பெயரை ஒப்பிடாத சோதனை இதை எக்காலத்திலும் பிடிக்காது.

கிளைவழி எழுதியது:

சாய்கோடு பற்றிய எடுத்துக்காட்டை ஏற்கிறேன்; அதற்கு ஒரு தனிச் சோதனை போதும். நான் எதிர்ப்பது, முழு விளைவையும் ஒரு நிழற்படம் போலப் பிடித்து வைத்து, இதுவே சரி என்று நாற்பது இடங்களில் சத்தியம் செய்வதை.

கிட்டுக்கே நேர்ந்ததைப் பாருங்கள். 2.33 வரை அதன் இயல்பான மெர்ஜ் உத்தி ‘ரிகர்சிவ்’; 2021 நவம்பரில் வந்த 2.34 முதல் ‘ஆர்ட்’. இந்த மோதலில் பழையது கோப்பை வேலை அடைவில் மட்டும் பெயர் மாற்றியது. இண்டெக்ஸில் முரண் வரிகள் பழைய பெயரிலேயே இருந்தன. ஆகவே ‘தொகுப்பு~ஹெட்’ என்பது கண்காணிக்கப்படாத, அதாவது இண்டெக்ஸில் இல்லாத, கோப்பாகத் தெரிந்தது. புதியது இண்டெக்ஸிலும் புதிய பெயரிலேயே பதிவு செய்கிறது. இரண்டும் உடனிருந்த காலத்தில் கிட்டின் சொந்தச் சோதனைத் தொகுப்பில், 6400 என்ற எண்ணுடைய ஸ்கிரிப்டில், ஆர்ட் என்றால் கண்காணிக்கப்படாத கோப்பு 0, இல்லையேல் 1 என்று கிளை பிரித்து எழுத வேண்டியிருந்தது. 2.50இல் ரிகர்சிவ் என்ற பெயரே ஆர்ட்டுக்கு மறுபெயராகிவிட்டது. எந்தப் பயனருடைய வரியும் தொலையாத ஒரு மாற்றத்துக்காகச் சோதனைகள் இரண்டு தலையோடு அலைந்தன.

பழையகமிட் எழுதியது:

நீங்கள் குறையாகச் சொன்னதே என் சான்று. கண்காணிக்கப்படாத கோப்புகளின் எண்ணிக்கையை எவரும் சரிபார்த்திருக்காவிட்டால், அந்த வேறுபாடு எழுதியவருக்கே தெரியாமல் வெளியாகியிருக்கும். கண்காணிக்கப்படாதவற்றையெல்லாம் துடைத்துவிடும் கட்டளையைப் பழக்கத்தில் தட்டுபவர்கள் எத்தனை பேர்? பழைய உத்தியில் அது ஒதுக்கி வைத்த கோப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும். புதியதில் இண்டெக்ஸில் இருப்பதால் கோப்பு தப்பிக்கும். பயனரின் கண்ணில் இது உள்வேலையா? இரண்டு தலையோடு அலைந்த அந்தச் சோதனை, மாற்றம் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதை எழுத்தில் பதிந்து வைத்தது.

அடைவுநேசன் எழுதியது:

சப்வெர்ஷன் என்ற வேறொரு பதிப்புக் கருவியிலிருந்து வந்தவன் என்ற முறையில் ஒரு சொல். அங்கே அடைவு தன்னளவிலேயே பதிப்பு வரலாறு உடைய பொருள். வெற்று அடைவுகூடக் கோப்போடு மோதும். 2009இல் வந்த 1.6 பதிப்பு முதல் அது மர முரண் என்று தனியாகவே காட்டப்படுகிறது. கிட் கோப்புகளின் பாதைகளை மட்டுமே பதிவதால் வெற்று அடைவு என்பதே அதற்குத் தெரியாது. எனவே ஒரு கருவிக்கு எழுதிய எதிர்பார்ப்புகளை மற்றொன்றுக்குப் பெயர்த்துக்கொண்டு போகலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

மூன்றாம்நிலை எழுதியது:

இருவரும் எதிர்பார்ப்பை எவ்வளவு இறுக்குவது என்று வாதிடுகிறீர்கள். என் அனுபவத்தில் பிழைகள் தப்பித்துப் போவது எதிர்பார்ப்பு தளர்ந்ததால் அன்று, உள்ளீடு ஏழ்மையாக இருந்ததால்.

கிட்டின் மர வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் என்பது ஓர் அடைவில் உள்ள பெயர்களைக் கிட் பதிந்து வைக்கும் பட்டியல். ஓர் அடைவின் பெயரை வரிசைப்படுத்தும்போது அதன் இறுதியில் சாய்கோடு இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. சிறுகோட்டின் பைட் மதிப்பு 45, புள்ளிக்கு 46, சாய்கோட்டுக்கு 47. ஆகவே ஒரு கிளையின் மரத்தில் ‘தொகுப்பு’ என்ற கோப்பு முதலில் வரும். அதன் பின் ‘தொகுப்பு-பழையது’, ‘தொகுப்பு.உரை’ என்ற இரண்டு அண்டைக் கோப்புகள் வரும். மற்றக் கிளையின் மரத்தில் அந்த இரண்டு அண்டைகளும் முதலில் வந்து, ‘தொகுப்பு’ அடைவு அவற்றுக்குப் பிறகுதான் வரும். இரண்டு மரங்களையும் அருகருகே வைத்து ஒவ்வொரு வரியாக நடந்து செல்லும் நிரல், மோதும் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதே இல்லை. மூதாதையில் அந்தப் பெயரே இல்லாவிட்டால், இந்தப் பக்கம் ஒரு கோப்பு புதிதாக வந்திருக்கிறது, பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொள்ளும். இரண்டு வரி கழித்து, அந்தப் பக்கம் ஓர் அடைவு புதிதாக வந்திருக்கிறது, பிரச்சினை இல்லை என்று எழுதிக்கொள்ளும். முரண் என்ற சொல்லே வெளிப்படாது.

அண்டைக் கோப்புகள் இல்லாத களஞ்சியத்தில் ஆயிரம் முறை சோதித்தாலும் இந்தப் பிழை தென்படாது, நீங்கள் பெயரை ஒப்பிட்டாலும் சரி, உள்ளடக்கத்தை ஒப்பிட்டாலும் சரி. அதனால்தான் மூதாதை, இரண்டு கிளைகள் ஆகிய மூன்றின் மரங்களையும் நிரலே உருவாக்கட்டும் என்கிறேன்: மிகச் சில பெயர்கள், அவற்றுக்கு இடையில் விழும் அண்டைகள், கோப்பு, அடைவு, குறியிணைப்பு (வேறொரு பாதையைச் சுட்டுவது) என்ற மூன்று வகை. குறியிணைப்பைச் சேர்க்கத் தவறாதீர்கள். அடைவு இருந்த இடத்தில் குறியிணைப்பு வந்தால், அதன் வழியே களஞ்சியத்துக்கு வெளியே எழுதிவிடும் ஆபத்து உண்டு. இப்படி உருவாக்கிய ஒவ்வொன்றையும் இரு திசைகளிலும் மெர்ஜ் செய்து பார்க்க வேண்டும். எந்தக் கிளையில் நின்று செய்தாலும் எஞ்சும் உள்ளடக்கங்களின் தொகுதி ஒன்றாகவே இருக்க வேண்டும்.

பழையகமிட் எழுதியது:

அண்டைக் கோப்புகளைப் பற்றிச் சொன்னதற்கு மறுப்பு இல்லை. இன்றே எங்கள் சோதனைகளிலும் இரண்டைச் சேர்த்துவிட்டேன். ஆனால் தானாக உருவாகும் சோதனை, முரண் இல்லாத இடத்தில் முரண் என்று கூவும் கருவியை எப்படிப் பிடிக்கும்? ஒரு கிளை ‘தொகுப்பு’ கோப்பைத் தொடவே இல்லை, மற்றது அதை நீக்கி அடைவாக்கியது என்றால் மெர்ஜ் சத்தமில்லாமல் முடிய வேண்டும். எங்கள் குழு முன்பு பயன்படுத்திய ஒரு கருவி இங்கே ஒவ்வொரு முறையும் நின்று கேள்வி கேட்டது. பார்க்காமலே ஆம் என்று தட்டப் பழகிய ஒருவர் ஒரு நாள் உண்மையான முரணிலும் அதையே செய்தார். ஒரு வாரத் திருத்தம் போயிற்று. எது சரியான விளைவு என்று மனிதர் எழுதி வைத்தால்தான் இதைச் சோதிக்க முடியும்.

கிளைவழி எழுதியது:

மனிதர் எழுதி வைக்கிறார் என்கிறீர்கள். எழுதுபவர் பெரும்பாலும் மனிதர் அல்லர் என்பதுதான் என் கவலை. மெர்க்குரியல் என்ற பதிப்புக் கருவியின் சோதனைகளில் கட்டளையும் அதன் வெளியீடும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து நிற்கின்றன. படிக்க அழகான வடிவம். ஆனால் வெளியீடு மாறினால், புதியதை ஏற்கவா என்று கேட்டு அதுவே திருத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. எங்கள் கருவியிலும் அப்படி ஒன்றை வைத்திருந்தோம். அந்த நாற்பது எதிர்பார்ப்புகளில் எத்தனையை எவர் படித்துப் பார்த்து ஏற்றார் என்று எங்கள் சொந்தக் கமிட் வரலாற்றில் தேடினேன். முப்பத்தொன்று ஒரே கமிட்டில், ‘சோதனைகளைப் புதுப்பித்தேன்’ என்ற செய்தியோடு மாறியிருந்தன. அந்தக் கமிட்டைச் செய்தவன் நானேதான்.

பழையகமிட் எழுதியது:

அது ஒப்பிடும் முறையின் குற்றம் அன்று, ஆம் என்று தட்டிய விரலின் குற்றம். இருந்தாலும் முப்பத்தொன்று என்பது சற்று மிகைதான். பெயர் உருவாகும் விதிக்கு ஒன்று, இண்டெக்ஸின் 1, 2, 3 நிலைகளுக்கு (மூதாதை, நம் கிளை, மற்றக் கிளை) ஒன்று, அமைதியாக முடிய வேண்டிய மெர்ஜுக்கு ஒன்று, கண்காணிக்கப்படாத கோப்பு அடைவுக்குள் இருக்கும்போது மெர்ஜ் மறுக்கப்பட வேண்டும் என்பதற்கு ஒன்று. இந்த நான்கும் கையால் எழுதியவையாகவும் துல்லியமாகவும் இருந்தால், மற்றவற்றை மூன்றாம்நிலை சொன்ன முறைக்கு விட்டுவிட எனக்குத் தடையில்லை. திரைச் செய்தியை ஒப்பிட வேண்டாம். அதற்காக நான் சண்டை பிடிக்கவில்லை.

மூன்றாம்நிலை எழுதியது:

உருவாக்கும் பெயர்களில் ஒகரம் உள்ள தமிழ்ப் பெயரையும் இருவகையாகச் சேர்த்துவிடுங்கள். ‘தொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். யுடிஎஃப்-8இல் முன்னது 3 பைட், பின்னது 6 பைட். கிட் பார்ப்பது பைட்டுகளை மட்டுமே; மேக் கணினியின் கோப்பு முறைமையோ இரண்டையும் ஒரே பெயராகக் கொள்கிறது.

கிளைவழி எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பழையகமிட் அவர்கள் சொன்ன நான்கும் லினக்ஸிலும் மேக்கிலும் தேறின. உருவாக்கிய சோதனை லினக்ஸில் தேறியது. மேக்கில் ஓர் இடத்தில் விழுந்தது. ஒரு கிளை 3 பைட் வடிவில் ‘தொகுப்பு’ என்ற கோப்பையும், மற்றது 6 பைட் வடிவில் அதே பெயருடைய அடைவையும் சேர்த்திருந்தன. எங்கள் கருவி இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கருதி, முரண் இல்லை என்று முடிவு செய்து, முதலில் கோப்பை எழுதி, பிறகு அடைவை உருவாக்க வழிவிடும்பொருட்டு அந்தக் கோப்பை நீக்கி, பூஜ்ஜியத்தோடு வெளியேறியது.

இதை அறியப்பட்ட தோல்வி என்று குறித்துச் சேர்த்திருக்கிறேன். சோதனைக் கோப்பில் இரண்டு பெயர்களையும் எழுத்தாக எழுதாமல் பைட் எண்களாக எழுதியுள்ளேன். முதல் முறை எழுத்தாக எழுதியபோது என் எடிட்டர் சேமிக்கையிலேயே இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிட்டது, சோதனையும் சிரித்துக்கொண்டே தேறிவிட்டது.